தேவைப்படாத கையெழுத்து

கூத்தாநல்லூர்
11.11.2024

நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது நானே எழுதும் கடிதம். வேறு யாரும் எழுதித் தரவில்லை. பக்கத்தில் ஆளும் இல்லை. இந்த நாலு வரிக்கே லுஹர் தொழுகையிலிருந்து அசர் பாங்கு வரை ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. வலிப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

பெருநாள் முடிந்து நீ மூச்சுத் திணறலுக்கு வைத்தியம் பார்க்க மகள் சஃபியாவோடு சென்னைக்குப் போனதிலிருந்து நாம் பேசவே இல்லை. ஃபோனில் வரும் குரல் என் காதில் விழுவதில்லை. வெள்ளிக்கிழமை பட்டுக்கோட்டையிலிருந்து வரும் ஹம்தான்தான் நீ சொல்வதைக் கேட்டு என் காதருகே கத்துவான். நீ நெடுநேரம் பேசுவது தெரிகிறது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான். கடைசியில், "அம்மா நல்லா இருக்காங்களாம்த்தா" என்பான். அவ்வளவுதான். நம் மகன் ஒரு வரியில் முடித்துவிடுகிறானே, மீதிப் பேச்செல்லாம் எங்கே போகிறது என்று யோசித்துத்தான் நூலகத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

சொல்லிக் கொடுப்பது ஃபஹ்மிதா. நம் தெருக்கோடி வீட்டுப் பிள்ளை. முதல் நாள், "எதுலேருந்து ஆரம்பிக்கலாம் நன்னா?" என்று கேட்டாள். என் சம்சாரம் பேரிலிருந்து என்றேன். வகுப்பில் இருந்த பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அது கஷ்டமான பேரு நன்னா. நடுவுல ஃ வருது."

மூன்று புள்ளி வைப்பதில் என்ன கஷ்டம்? எனக்கு அதுதான் முதலில் வந்தது.

இப்போது மன்னார்குடி பஸ் எது, திருவாரூர் பஸ் எது என்று யாரையும் கேட்பதில்லை. வீட்டு வரி ரசீதையும் எடுத்துப் படித்தேன். வருஷா வருஷம் நான் போய்க் கட்டுகிற வரி. அதில் உன் பெயர் மட்டும் இருப்பதைப் போன மாதம்தான் பார்த்தேன்.

வீடு என்றதும் கேட்க வேண்டியது நினைவுக்கு வருகிறது. அடுத்த தெரு அஹமது கபீர், புருனேயிலிருந்து திரும்பி வந்தவர், டேப் கொண்டுவந்து கூடத்தை அளந்துவிட்டுப் போனார். "அம்மா விக்கச் சொல்லிட்டாங்கத்தா" என்று ஹம்தான் கத்தினான். நீ சொன்னாயா? எழுது. எனக்கு வருத்தம் என்று நினைக்காதே. வீடு உன்னுடையது. ஒன்று மட்டும் சொல்கிறேன். விற்பதாக இருந்தால் நான் கைநாட்டு வைக்க மாட்டேன். கையெழுத்துதான். தினமும் பழகுகிறேன். யூ சுழிப்பதில் கொஞ்சம் தகராறு. நீ வருவதற்குள் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
யூனுஸ்

சென்னை
20.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவில் இருக்கிறது. சஃபியா நம்பவே இல்லை. "யாரும்மா எழுதிக் குடுத்தா? உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தாவைத் தவிர வேறு யாரும் இவ்வளவு அழுத்தி எழுத மாட்டார்கள், தாளைத் திருப்பித் தடவிப் பார் என்றேன்.

நீங்கள் ரியாத்தில் இருந்தபோது நான் எத்தனை கடிதம் எழுதியிருப்பேன். அதையெல்லாம் உங்கள் அறையில் தங்கியிருந்த கும்பகோணத்துக் கல்யாணம் அண்ணன்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். அறையில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள் என்று நீங்கள் ஊருக்கு வந்தபோது சொன்னீர்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுதவே வரவில்லை. நெல் அவித்தாச்சு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டாச்சு, எல்லாரும் நலம். அதற்கு மேல் எதை எழுதுவது? இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிப்பீர்கள் என்பதை நினைத்தாலே இந்த வயதில் வெட்கமாக இருக்கிறது.

வீட்டை விற்கச் சொன்னது உண்மைதான். நம்மூரில் பெண்ணுக்குத்தானே வீடு. என் அத்தா எனக்குக் கொடுத்தார், பத்திரமும் எழுதினார். நான் சஃபியா நிக்காஹ் அன்று ஜமாத்தார் முன்னால், "இந்த வீடு என் மகளுக்கு" என்று சொல்லிச் சாவியை அவள் கையில் வைத்தேன். ஊரே கேட்டது, எழுத வேறு வேண்டுமா என்று விட்டுவிட்டேன். இப்போது அவள் குடியிருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை வீடுதான் மாறுவாள்? சொந்தமாக ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறாள். அவள் கேட்பது அவளுடையதைத்தான்.

ஆனால் இன்னொன்றை உங்கள் காதில் யாரும் கத்தவில்லை போலிருக்கிறது. விற்ற பிறகு நான் இங்கே சஃபியாவோடு இருக்க வேண்டுமாம். நீங்கள் பட்டுக்கோட்டையில் ஹம்தானோடு. பிள்ளைகள் பேசி முடித்துவிட்டார்கள். இங்கே இரண்டு அறைதான். அங்கே ஹம்தான் வீடு மாடியில், என்னால் படியேற முடியாது. அவர்கள் பேச்சில் எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நீங்கள் தஞ்சாவூர் போய் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஹம்தானை அழைத்துப் போக வேண்டாம். நான் வாயால் கொடுத்தது செல்லுமா, வீட்டை விற்க யார் யார் கையெழுத்துப் போட வேண்டும், விற்ற பிறகும் நாம் இருவரும் அங்கேயே இருக்க வழி உண்டா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். எனக்காக மாற்றி எழுத வேண்டாம்.

நஃபீசா

கூத்தாநல்லூர்
3.12.2024

நஃபீசாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு பகல் ஆனது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். எந்த இடம் என்று உனக்குத் தெரியும்.

தஞ்சாவூர் போனேன். கோர்ட்டுப் பக்கம் தெரு முழுக்க வக்கீல் பலகைதான். மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொன்றாகப் படித்தேன். ஹரிஹரசுப்ரமணியன் என்று ஒரு பெயர். அதை முழுதாகப் படித்து முடித்ததும் இவ்வளவு பாடுபட்டாகிவிட்டது, இவரிடமே போவோம் என்று உள்ளே நுழைந்தேன். அவரிடமே அதைச் சொன்னேன். "என் பேருக்கு இப்பத்தான் பாய் ஒரு பிரயோஜனம் வந்திருக்கு" என்று சிரித்தார்.

அவர் பேசுவது காதில் சரியாக விழவில்லை. அதனால் மாளவிகா என்கிற ஜூனியர் பெண் அவர் சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டினாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

நம் முஸ்லிம் சட்டத்தில் வாயால் கொடுக்கும் தானமும் செல்லுமாம். ஆனால் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், பெறுகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், வீடும் கைமாற வேண்டும். மூன்றும் நடந்ததா என்று கேட்டார்.

"சாவியைக் குடுத்தா சார்."

"அப்புறம்?"

"மக வாங்கிக்கிட்டா. மறுவாரம் மெட்ராஸ் போறப்ப, நீங்களே வச்சுக்கங்கம்மான்னு திருப்பிக் குடுத்துட்டா."

வக்கீல் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "அங்கதான் பாய் சிக்கல்."

பட்டா உன் பெயரில். வரி உன் பெயரில். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அதிலும் கடைசிப் பத்திரம் உன் அத்தா உனக்கு எழுதியதுதான். குடியிருந்ததும் நாம். அதனால் இன்றைய தேதியில் வீடு உன்னுடையதுதானாம். விற்பதும், விற்று வருவதை மகளுக்குக் கொடுப்பதும் உன் இஷ்டம்.

என் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். மாளவிகா எழுதிக் காட்டினாள். ஒரே சொல். நானே எழுத்துக் கூட்டினேன். தே வை யி ல் லை. சட்டப்படி புருஷன் கையெழுத்து இதில் தேவையில்லையாம். எழுத்துக் கூட்டிக்கொண்டு வரும்போது நல்ல சொல்லாகத்தான் வரும் என்று நினைத்தேன்.

மாற்றி எழுதாதே என்று சொல்லியிருக்கிறாய். அதனால் இதையும் எழுதுகிறேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் சொல் நிற்காதாம். ஹம்தானுக்குப் பாதி, சஃபியாவுக்குக் கால், எனக்கும் கால் என்று போய்விடுமாம். "அம்மா இருக்கும்போதே முடிச்சிடுங்க" என்றார். பேனா அந்த இடத்தில் நகர மாட்டேன் என்கிறது.

விற்ற பிறகும் இருப்பதற்கு வழி உண்டாம். ஆனால் வாங்குகிறவர் சம்மதித்துப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். "திரும்பவும் வாய்ப்பேச்சு வேணாம் பாய்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கபீர் எதற்கு வாங்குகிறார் தெரியுமா? ஷவ்வால் மாதம் அவர் மகளுக்கு நிக்காஹ். அவளுக்குக் கொடுக்கத்தான் வீடு. அவரிடம் போய் எப்படிக் கேட்பது? நீயே சொல்.

யூனுஸ்

சென்னை
12.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இரண்டு நாளாக உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சஃபியா பக்கத்தில் இருக்கிறாள், கவலை வேண்டாம்.

கபீரிடம் முழு வீட்டைக் கேட்க வேண்டாம். கொல்லை அறையைக் கேளுங்கள். அதற்குச் சந்து வழியாகத் தனி வாசல் இருக்கிறது. விறகும் தேங்காயும் போட்டு வைத்த இடம்தானே, அவருக்குப் பெரிய நஷ்டமில்லை.

அந்த அறையைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் முதல் தடவை ரியாத் போகும்போது அங்கே வைத்துத்தான் பெட்டியைக் கட்டினோம். நீங்கள் போன பிறகு அசருக்குப் பிறகு தினமும் அங்கே போய் உட்காருவேன். விறகு எடுக்கப் போகிறேன் என்று என் அம்மாவிடம் சொல்வேன். ஒரு நாள் அம்மா கேட்டார்கள், "ஏண்டி, அடுப்பே மூட்டல, உனக்கு எதுக்கு இவ்வளவு விறகு?" அதற்குப் பிறகு வெறுங்கையோடு வராமல் நாலு விறகாவது எடுத்து வருவேன். இதைக் கல்யாணம் அண்ணன் படிக்கிற கடிதத்தில் எப்படி எழுதியிருப்பேன்?

உங்கள் கையெழுத்து தேவையில்லை என்று வக்கீல் சொன்னதை எழுதிய இடத்தில் உங்கள் எழுத்து சின்னதாகிவிட்டது. பார்த்தேன்.

நஃபீசா

கூத்தாநல்லூர்
30.12.2024

நஃபீசாவுக்கு,

கபீர் சரி என்று சொல்லிவிட்டார்.

முதலில் முகம் வாடியது. "யூனுஸண்ணே, புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்கிற வீட்டுல, தப்பா நினைக்காதீங்க" என்று என் காதருகே இழுத்தார். வீட்டுக்குள் அல்ல தம்பி, கொல்லை அறை, சந்து வழியாகத்தான் போய்வருவோம் என்றேன்.

"ராத்தா சொன்னாங்களா?"

"எழுதியிருக்கா."

"யாரு படிச்சுச் சொன்னா?"

"நாந்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "ராத்தா கையால நோன்புக் கஞ்சி குடிச்சு வளந்தவன் நான். எழுதிடலாம்ணே" என்றார். மறுநாள் மகளிடமும் சொன்னாராம். அந்தப் பெண், அவங்க இருந்தா எனக்கும் துணைதான் என்றாளாம்.

விறகையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன். நானேதான். ஹம்தான் வந்து பார்த்து, "உங்களுக்கு எதுக்குத்தா இந்த வேலை? ஆள் விட்டா ஆகாதா?" என்று கத்தினான். காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு. படி கிடையாது. தரையும் சமம். உன் கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாம் என்று இருக்கிறேன். சம்பா கதிர் முற்றிவிட்டது. அறுப்புக்குள் வந்துவிடு.

யூனுஸ்

சென்னை
9.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். சஃபியாவிடம் சொன்னேன். என் காலை அமுக்கிவிட்டாள். பிறகு, "நான் உங்களைப் பிரிக்கணும்னு நினைக்கலம்மா" என்றாள். எனக்குத் தெரியாதா?

தை பிறந்ததும் டாக்டர் விட்டால் வந்துவிடுவேன். வக்கீலிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கொல்லை அறை என் ஆயுள் வரை என்று எழுதினால் போதாது. உங்கள் பெயரும் வேண்டும். இருவரில் கடைசி ஆள் இருக்கும்வரை என்று எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, சட்டத்துக்கு உங்கள் கையெழுத்து வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு வேண்டும். சாட்சி என்றோ சம்மதம் என்றோ ஏதாவது ஓர் இடத்தில் நீங்கள் போட வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஜன்னல் பக்கம் கட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஜன்னல்? வாய்க்கால் பக்கமா, சந்துப் பக்கமா? அதை எழுதவில்லையே.

நஃபீசா

கூத்தாநல்லூர்
12.4.2025

நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அடக்கம் செய்த கபுருக்குப் போனாலும் ஸலாம் சொல்லித்தானே நிற்கிறோம். கடிதத்திலும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீ கடைசியாக எழுதியதற்குப் பதில் பாதி எழுதி வைத்திருந்தேன். பொங்கலுக்கு மறுநாள் ஹம்தான் வந்தான். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. என் காதருகே வந்து நின்றான். கத்தவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. உன்னைச் சென்னையிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உன் வீட்டுக் கூடத்தில்தான் வைத்தோம். சந்தூக்கு உன் வாசல் வழியாகத்தான் போனது. கபீரும் தோள் கொடுத்தார்.

அந்தப் பாதிக் கடிதத்தை இத்தனை நாள் எடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதாமல் விடுவது சரியில்லை என்று இன்று உட்கார்ந்தேன்.

வாரிசுச் சான்று வந்தது. மூன்று பெயர். முதலில் என் பெயர். அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனோம். மாளவிகா இந்தத் தடவையும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். இப்போது உங்கள் கையெழுத்து தேவை. அந்தப் பெண் எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உன் வீட்டில் எனக்குக் கால் பங்காம். நீ இருந்தவரை ஒரு பங்கும் இல்லாமல் வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது ஹம்தான் என் காதருகே குனிந்து மெல்லச் சொன்னான். அவன் மெல்லச் சொன்னாலும் எனக்குக் கத்தலாகத்தான் இருந்தது.

"சட்டப்படி எனக்குப் பாதின்னு சொல்றாருத்தா."

"உங்கம்மா சஃபியா கையில சாவியைக் குடுத்தப்ப நீ எங்க நின்ன?"

"பக்கத்துலதான்."

"காதுல விழுந்துச்சா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "விழுந்துச்சு" என்றான்.

"எனக்கும் அப்ப நல்லாக் கேட்டுச்சு."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தான். நம் பிள்ளை கெட்டவன் இல்லை நஃபீசா. நானும் அவனும் எங்கள் பங்கை சஃபியாவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினோம். அதன் பிறகு அவள் கபீருக்குக் கிரயம் எழுதினாள். நீ ஜமாத்தார் முன்னால் சொன்னது அப்படியே நிற்கிறது.

பத்திர ஆபீஸில் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கட்டை விரலைக் கொண்டாங்க பாய்."

"கையெழுத்துப் போடுவேன் தம்பி."

"போடுங்க. ரேகையும் வேணும். யாரா இருந்தாலும் ரெண்டும்தான்."

உண்மைதான். எம்.ஏ. படித்த நம் மகள் விரலிலும் மை தடவினார்கள். எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. இவ்வளவு நாள் கைநாட்டை ஏன் ஒழிக்கப் பார்த்தேனோ. கையெழுத்துப் போட எனக்கு நேரமானது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள் என்று சஃபியா பிறகு சொன்னாள். யூ சரியாக வந்தது. பழகும்போதெல்லாம் நீ இடப்பக்கம் நின்று பார்ப்பதாக நினைத்துத்தான் பழகினேன். அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். சஃபியா நின்றாள். தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கபீர் சொல் தவறவில்லை. கொல்லை அறை பத்திரத்தில் இருக்கிறது. நீ கேட்டபடி இருவர் பெயரும் போட்டுத்தான் மாளவிகா முதலில் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். பிறகு என் பெயர் மட்டும் வைத்து மாற்றினாள். முதலில் அடித்த தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். நம் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது.

ஹம்தான் பட்டுக்கோட்டைக்குக் கூப்பிட்டான். சஃபியாவும் கூப்பிட்டாள். போகவில்லை. உன்னைச் சென்னையிலும் என்னைப் பட்டுக்கோட்டையிலும் வைக்க வேண்டும் என்று பேசினார்கள். அப்படி நடக்கவில்லை. நீ பள்ளிவாசலுக்குப் பின்னால் மையவாடியில் இருக்கிறாய். நான் இங்கே இருக்கிறேன். நடந்தால் ஒரு தெருதான்.

நீ கேட்டதற்குப் பதில். கட்டில் வாய்க்கால் பக்க ஜன்னலில்தான். இப்போது தண்ணீர் இல்லை, மேட்டூர் திறந்தால் வரும். சந்துப் பக்கம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கபீர் மகள் நிக்காஹுக்கு அங்கே பந்தல் போடுகிறார்கள், ஒரே சத்தமாம். எனக்குக் கேட்காது. உனக்குத்தான் தூக்கம் கெடும்.

யூனுஸ்